இடைவெளி விழாத ஒன்றரை வருஷம்

மக்களே, உன் அம்மாதான். போனில் சொல்லியிருக்க வேண்டியதை எழுத்தில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீ கூப்பிட்டாய். வீடியோவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இப்பிடி வத்திப் போயிட்ட?" என்று கேட்டாய். டில்லி வெயில் என்றேன், வயிற்றில் கேஸ் என்றேன், பல்செட் சரியில்லை என்றேன். ஒரு காரணம் சொன்னால் நம்பலாம், மூன்று சொன்னதும் உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் உன் மனம் வேறொன்றில் இருந்தது. "அம்மா, இன்னும் ஒன்றரை வருஷம்தான். நடுவுல கேப் எதுவும் விழாம வேலை ஓடிட்டா எங்களுக்கு இங்க டென்மார்க்ல பெர்மனென்ட் ரெசிடென்ஸ் ஆயிரும். அதுக்கப்புறம் நீ கூப்பிட்டா அடுத்த ஃபிளைட்ல இருப்பேன். அச்சா?" என்றாய். நானும் "செரி மக்களே, நீ வேலையப் பாரு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில் அது.

எனக்கு ஒன்றரை வருஷம் கிடையாது. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொடுப்பதற்கு முன்பே உறையைப் பிரித்துப் படித்துவிட்டேன். காலமெல்லாம் நர்ஸாக இருந்தவளுக்கு அந்தப் பொறுமை ஏது? டாக்டர் இளவயதுக்காரர். "ஆன்ட்டி, வீட்டுல வேற யாரு இருக்காங்க?" என்று இந்தியில் ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதே கேள்வியை எத்தனையோ பேரிடம் நான் கேட்டிருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தைப் பார்த்துவிடுவேன் என்று நினைக்கிறேன், அடுத்ததைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

நீ வந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்குள்ள லீவு சில வாரம். இந்த நோய் சில வாரத்தில் முடிகிற நோய் இல்லை, அது உன் லீவைப் பார்த்து நடந்துகொள்ளாது. அதற்கு மேல் நீ இங்கே தங்கினால், ஏற்கெனவே ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கும் உன் கம்பெனி உன்னைத்தான் முதலில் அனுப்பும். உன் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது. உன் மனைவி என்பதால் ஷீபாவின் விசா உன்னுடையதோடு கட்டப்பட்டது. குழந்தைக்கு அங்கே இப்போதே பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். இத்தனையும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. உன்னை வா என்று எழுதப்போகிறேனா, வராதே என்று எழுதப்போகிறேனா என்பது இந்த வரியை எழுதும்போது எனக்கே தெரியாது. தமிழில் எழுதுகிறேன், உனக்குப் படிக்க நேரம் ஆகும். ஆகட்டும். எனக்கும் எழுதி முடிக்க நேரம் ஆகும்.

"கேப் விழாம" என்று நீ சொன்னாயே, அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. உன் அம்மா அதே இடைவெளிகளுக்கு நடுவில்தான் சம்பாதித்தாள். ஆஸ்பத்திரியில் என்னைப் போன்றவர்களைக் கான்ட்ராக்டில் எடுத்தார்கள். தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் கேட்பார்கள் என்பதற்காக, ஒவ்வொரு கான்ட்ராக்ட் முடியும்போதும் ஒரு நாள் வெளியே நிறுத்துவார்கள். அதற்கு பிரேக் என்று பெயர். அன்று நான் நர்ஸ் இல்லை, யாருமில்லை. அடையாள அட்டையை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மறுநாள் புது ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேற்று முன்தினம் பாதியில் விட்ட அதே நோயாளிக்குப் போய் அதே காயத்தின் கட்டை மாற்றுவேன். ஆனால் காகிதத்தில் நான் அன்றுதான் சேர்ந்தவள். எனக்குப் பின்னால் வந்து, என்னிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண்கள் நிரந்தரமாகி, சிஸ்டர் இன்சார்ஜ் ஆகி, ரிட்டயரும் ஆனார்கள். நான் கடைசி வரைக்கும் புதிதாகச் சேர்ந்தவளாகவே இருந்தேன். எங்கள் அப்பா மார்த்தாண்டத்தில் பஸ் கண்டக்டர், அரசாங்க வேலை. டிக்கெட் கிழித்தவருக்குப் பென்ஷன் வந்தது, இத்தனை உயிரைப் பார்த்த எனக்கு வரவில்லை. அதைச் சொல்லிச் சிரிப்பது என் பழக்கம். இன்று அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

உனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. "நாளைக்கு அம்மாவுக்கு லீவு" என்றுதான் சொன்னோம். பிரேக் அன்று உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவேன். அங்கே மரச்சீனிக் கிழங்கு வாங்குவோம், நல்ல மீனாகப் பார்த்து வாங்குவோம், நேந்திரம்பழ வறுவல் பொட்டலத்தைப் பஸ்ஸிலேயே நீ காலி செய்துவிடுவாய். ராத்திரி மரச்சீனி அவித்து மீன்குழம்போடு பிசைந்து மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மற்ற நாட்களில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட என் ஷிப்ட் விட்டதே இல்லை. ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் உன் முறை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அம்மாவுக்கு நிறைய பிரேக் தாரும்" என்று ஜெபித்தாய். உன் அப்பா ஆமென் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். நான்தான் ஆமென் சொன்னேன். குழந்தை வாயால் கேட்டதை மறுக்க மனம் வரவில்லை. அடுத்த முறை பிரேக் வந்தபோது, ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று நீ துள்ளிக் குதித்தாய்.

உன் அப்பா வேறு ஜாதி மனிதர், அதாவது நிரந்தர ஜாதி. ஓக்லாவில் மின்விசிறி மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சங்கத்தில் பெரிய ஆள். அரசாங்க அனுமதி இல்லாமல் தன்னை வேலையிலிருந்து ஒருத்தனும் அசைக்க முடியாது என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. முதலாளி கேட்டில் வைத்தே கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்ததும் வீட்டில் வந்து குதிப்பார். "கான்ட்ராக்ட் ஆளுவள உள்ள விட்டா நம்ம மதிப்பு போயிரும், கேட்டியா? அவனுவள சங்கத்துல சேக்கவே கூடாது" என்பார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டே, "இந்த வீட்டுலயும் ஒரு கான்ட்ராக்ட் ஆளு இருக்கு. அத உள்ள விடலாமா, இல்ல கேட்டுக்கு வெளியே நின்னு சாப்பிடணுமா?" என்று கேட்பேன். "அது வேற, இது வேற" என்பார். கெட்ட மனிதர் இல்லை, உனக்குத் தெரியும். நான் பிரேக்கில் இருக்கும் நாட்களில் எனக்காக அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். ஆனால் தன்னைக் காப்பாற்றும் சுவருக்கு வெளியே நிற்பவர்களில் தன் மனைவியும் ஒருத்தி என்பதை அவரால் சேர்த்து யோசிக்க முடியவில்லை. அந்த இரண்டு யோசனையையும் அவர் தனித்தனி அறையில் வைத்திருந்தார்.

பிறகு அந்தச் சுவர் என்ன ஆயிற்று? யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, சட்டப்படி அது முடியாதே. ஒரு திங்கட்கிழமை காலையில் போனார்கள், கேட்டில் பூட்டு. இயந்திரங்களை ஏற்கெனவே அரியானா பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே வேறு பெயரில், முழுக்க முழுக்கக் கான்ட்ராக்ட் ஆட்களை வைத்து அதே மோட்டாரைச் செய்தார்கள். உன் அப்பா காகிதத்தில் கடைசி வரைக்கும் நிரந்தர ஊழியர்தான். வழக்கு நடந்துகொண்டே இருந்தது. அவர் தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கும் சங்க ஆபீசுக்கும் அலைந்தார். வேறு வேலைக்குப் போனால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று யாரோ சொன்னதால் வேறு வேலைக்கும் போகவில்லை. பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டே அவர் கிழவராகிப் போனதை நீயும் பார்த்தாய். அவர் நெஞ்சுவலி வந்து இறந்தபோதும் தீர்ப்பு வரவில்லை.

அதனால்தான் போன வருஷம், ஷீபாவின் பிரசவத்துக்கு டென்மார்க் வந்தபோது, உன் பக்கத்து வீட்டு யென்ஸ் விஷயத்தில் அப்படி நடந்துகொண்டேன். அதைச் சொல்லி இன்னும் நீ என்னைக் கிண்டல் செய்கிறாய். யென்ஸ் உன் கம்பெனியிலேயே வேலை பார்த்தவன். ஒரு நாள் ஆபீசுக்கு அவன் கேக் கொண்டுவந்ததாகச் சொன்னாய். பிறந்தநாளா என்று கேட்டேன். "இல்லம்மா, வேலை போயிட்டு. கடைசி நாள் கேக்" என்றாய். வேலை போன வீட்டில் அடுப்பு எரியாது என்றுதான் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் கஞ்சி வைத்து, பயறு அவித்து, துவையல் அரைத்து, பெட்டியில் இருந்த வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நீ வாசலை மறித்துக்கொண்டு, "அம்மா, அது மரண வீடு இல்லம்மா!" என்று கத்தினாய். "ஒனக்கு என்ன தெரியும்? நவுரு" என்று நான் போய்விட்டேன்.

யென்ஸ் ஏணியில் நின்று ஜன்னல் சட்டத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். விசில் வேறு. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, கஞ்சியை இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு, இதில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பயமாக இல்லையா என்று கேட்டேன். எதற்குப் பயம், வேலைதானே போனது என்றான். மாதாமாதம் அவன் சந்தா கட்டிய நிதியிலிருந்து சம்பளத்தில் பெரும்பங்கு நெடுநாளைக்கு வருமாம். புதுப் படிப்பு படிக்கலாமாம். ஆனால் சும்மா விட மாட்டார்கள் என்று அலுத்தும் கொண்டான். வாராவாரம் கூப்பிட்டு, எங்கே விண்ணப்பம் போட்டாய் என்று குடைவார்களாம், பிடிக்காத வேலைக்கும் போகச் சொல்வார்களாம், வரியும் கழுத்தைப் பிடிக்கிறதாம். அங்கே முதலாளி சுலபமாக ஆளை அனுப்பிவிடலாம், அதனால்தான் பயமில்லாமல் ஆளைச் சேர்க்கவும் செய்கிறான் என்றான். அவனுடைய அப்பா சாகக் கிடந்தபோது பக்கத்திலேயே இருக்க லீவும் அதற்குப் பணமும் கொடுத்தார்களாம். அதைக் கேட்டதும் அவன் கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். அப்படியும் ஓர் ஏற்பாடு உலகத்தில் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

வெள்ளைச் சேலையோடு வீட்டுக்குத் திரும்பி வந்து, "நல்ல நாடு மக்களே, இங்கனயே இரு" என்று உன்னிடம் சொன்னேன். நீ குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாய். "அம்மா, அது யென்ஸுக்கு. அடுத்த லிஸ்ட்ல என் பேரு வந்தா நான் ஏணில ஏற முடியாது. பெட்டியத்தான் எறக்கணும்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் அந்த வாரம் முழுக்க அலாரத்துக்கு முன்னாலேயே எழுந்து சமையலறையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி புரண்டு படுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் யோசிக்கிறேன், மக்களே. படித்தவர்கள் இதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்திருப்பார்கள், எனக்குத் தெரிந்தது வார்டும் வீடும்தான். டென்மார்க்கில் வேலையை அவ்வளவாகக் காப்பாற்றுவதில்லை, வேலை போன ஆளைக் காப்பாற்றுகிறார்கள். இங்கே வேலையைக் காப்பாற்றுவதாகச் சட்டம் போட்டோம். அதற்குப் பயந்து முதலாளிகள் வேலையே இல்லாத மாதிரி எழுதிக்கொண்டார்கள். உன் அப்பாவுக்கு அசைக்க முடியாத வேலை இருந்தது, அது அவரையும் அசைய விடவில்லை. எனக்கு எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பக்கூடிய வேலை இருந்தது, என்னைத் தாங்க ஒன்றும் இல்லை. உனக்கோ அந்த நாட்டுச் சுலபம் மட்டும் கிடைத்திருக்கிறது, அந்த நாட்டுத் தாங்கல் இன்னும் ஒன்றரை வருஷம் தள்ளி நிற்கிறது. இப்போது இங்கேயும் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள், குறிப்பிட்ட காலத்துக்குச் சேர்ந்தவர்களுக்கும் எல்லாச் சலுகையும் உண்டு என்று டி.வி.யில் சொல்கிறார்கள். கிடைத்தால் நல்லது. சுனிதாவுக்குக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுனிதாவை உனக்கு ஞாபகம் இருக்கும். ரோத்தக் பக்கத்துப் பெண், என்னோடு வார்டில் நர்ஸாக இருந்தவள். இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். இப்போது ஓர் ஏஜென்சி மூலமாக எடுக்கிறார்கள், பிரேக் மட்டும் மாறவில்லை. என்னை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனது அவள்தான், அவளுடைய பிரேக் அன்று. வேறு நாளில் அவளால் வர முடியாது. துவாரகாவில் நம் வீட்டுக்கு மெட்ரோவில் திரும்பி வரும்போது என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "தீதி, பேட்டே கோ புலா லோ" என்றாள். அக்கா, மகனைக் கூப்பிடுங்கள் என்கிறாள். அவனுக்கு வேலை இருக்கிறது, இந்தச் சமயத்தில் விட்டால் எல்லாம் போய்விடும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம ரெண்டு பேரும் அப்படித்தான் சொல்லிட்டே இருந்தோம். நமக்கு என்ன மிச்சம் ஆச்சு?" என்று கம்பார்ட்மெண்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி இந்தியில் கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா, சண்டை போடாதீர்கள் என்று எங்களைச் சமாதானப்படுத்தினாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று உனக்குத் தெரியாது. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. உன் தாத்தா, அதாவது என் அப்பா, இறந்தபோது நான் ஊருக்குப் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தோம். அது உண்மை இல்லை. உன் அப்பாவின் தொழிற்சாலை அப்போது பூட்டியாயிற்று, என் சம்பளம் ஒன்றுதான் வீட்டில். அப்பா ரொம்பவும் மோசமாகிவிட்டார் என்று ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தபோது மறுநாள் எனக்கு பிரேக். டில்லியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் இரண்டு இரவு. பிரேக்குக்கு அடுத்த நாள் நேரில் நின்று கையெழுத்துப் போடாவிட்டால் என் இடம் காத்திருக்கும் இன்னொருத்திக்குப் போய்விடும். அதோடு, இந்தத் தடவை பட்டியலில் பெயர் விடுபடாமல் இருப்பவர்களையெல்லாம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அந்த மாதம் யாரும் காய்ச்சலுக்குக் கூடப் படுக்கவில்லை. நான் போகவில்லை. அண்ணன் என்ன செய்வார்? உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, மகள் எங்கே என்று கேட்கிறார். "கிளம்பிட்டா, ரயில்ல வாரா" என்று சொல்லிவிட்டார்.

அப்பா கண்டக்டர் இல்லையா, ரயில் என்றதும் அவருக்குத் தெளிவு வந்துவிட்டது. எந்த ஸ்டேஷன் தாண்டியிருக்கு என்று கேட்க ஆரம்பித்தார். அண்ணனுக்கு வடக்கே ஒரு ஊர் பெயரும் தெரியாது. அன்று பிரேக் ஆனதால் உன்னை இந்தியா கேட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன், நீ விடியற்காலையிலேயே ஷூ போட்டு உட்கார்ந்துவிட்டாய். கூட்டிப்போனேன். போகிற வழியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஊருக்குப் பேசினேன். "பிள்ளே, அப்பா கேக்காரு, இப்பம் எங்க வந்திருக்குன்னு. என்ன சொல்லட்டும்?" என்றார் அண்ணன். "ஜான்சி தாண்டிட்டுன்னு சொல்லுங்க" என்றேன். சாயங்காலம் திரும்பும் வழியில் அதே பூத்தில் நின்று போபால் சொன்னேன். உனக்கு ஐஸ்கிரீம் சட்டையெல்லாம் வழிந்தது. எதற்கு அழுகிறாய் என்று கேட்டாய், கண்ணில் தூசி என்றேன். மறுநாள் கையெழுத்துப் போட்டு டியூட்டியில் சேர்ந்த பிறகு வார்டு போனிலிருந்து நாக்பூர் சொன்னேன். பிறகு வாரங்கல். கடைசியாக விஜயவாடா. அதற்குப் பிறகு அப்பா கேட்கவில்லை. மருந்து டிராலியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்ற என்னைத் தேடி வந்தவள் சுனிதாதான்.

அந்த மாதம் நிரந்தர ஆர்டர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை, கடைசி வரைக்கும் வரவில்லை. வந்திருந்தால் நான் செய்தது சரியாகியிருக்குமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வந்திருந்தாலும் சரியாகியிருக்காது, மக்களே. பென்ஷன் வாங்கிக்கொண்டு அதே துக்கத்தைப் பட்டிருப்பேன். இடைவெளி விழக் கூடாது என்று என் வாழ்க்கையையே பிடித்து வைத்திருந்தேன். அதில் விழுந்த பெரிய இடைவெளியை எந்த ஆர்டராலும் அடைக்க முடியவில்லை.

இத்தனையும் எழுதிய பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'நீ வராதே, உன் வாழ்க்கையைப் பார், அம்மாவுக்கு ஒன்றும் இல்லை' என்று எழுதினால் நல்ல அம்மா என்று பெயர் கிடைக்கும். செத்த பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். சில வார லீவில் வந்து, பழம் வாங்கி வைத்துவிட்டு, திரும்பும் தேதியை மனதில் எண்ணிக்கொண்டிருக்கும் உன்னை இல்லை. என் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் உன்னைப் பார்க்க வேண்டும். இது உனக்கு எவ்வளவு செலவு என்று தெரிந்தேதான் கேட்கிறேன். ஷீபா என்னைத் திட்டினால் திட்டட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. குழந்தைக்கு அங்கே கிடைக்கவிருந்தது ஏதாவது கிடைக்காமல் போனால் அதில் என் பங்கும் உண்டு. அதையும் தெரிந்துதான் கேட்கிறேன்.

ஆனால் வாயைத் திறந்து கேட்டுவிட்டு வா. நான் கேட்கவே இல்லை, தெரியுமா? என் அப்பா சாகிறார், நான்கு நாள் தாருங்கள் என்று ஒருத்தரிடமும் நான் போய் நிற்கவில்லை. இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ முதலில் ஷீபாவிடம் சொல். பிறகு உன் மேலதிகாரியிடம் நேராகப் போய், என் அம்மா சாகிறாள் என்று அந்த வார்த்தையிலேயே சொல். யென்ஸிடம் போய், அவனுக்குக் கிடைத்த அந்த லீவு கடல் கடந்து கிடக்கும் அம்மாவுக்கும் செல்லுமா என்று கேள். சந்தா வீண் என்று நீ சேராமல் இருந்தாயே உங்கள் கம்பெனித் தொழிற்சங்கம், அங்கேயும் போ. விசா ஆபீசில், அம்மாவுக்காகப் போனதை இடைவெளியாக எண்ணுவார்களா என்று கேள். எண்ண மாட்டோம் என்று சொல்ல எங்கேயாவது ஒரு நாற்காலியில் ஒரு மனிதர் இருக்கலாம். எல்லோரும் இல்லை என்றே சொன்னால், சொன்னவர்கள் முகத்தையாவது நீ பார்த்திருப்பாய், பிற்பாடு உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாய். இல்லை என்று சொன்னாலும் வா.

எழுதி முடித்ததும் சுனிதா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். படித்தவுடன் போன் செய்யாதே, போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் "வேலையப் பாரு" என்று சொல்லிவிடுவேன், எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. வலிக்கு மாத்திரை தந்திருக்கிறார்கள், இப்போதைக்குக் கேட்கிறது. அடுப்படி வரை நடக்கிறேன். இரண்டு மாதத்தில் இது எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், நான் பார்க்காத நோய் இல்லை. அதற்குள் வா, மக்களே. நீ மணி அடித்தால் நானே எழுந்து வந்து கதவைத் திறக்க முடிகிற நாட்களில் வா.

அம்மா